வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரு தொழில், மூன்று குடும்பப் பெயர்கள்

ஜானி வாக்கர் பாட்டிலில் உயரத் தொப்பியும் கைத்தடியுமாக விறுவிறுவென்று நடந்து போகும் மனிதரைப் பார்க்காதவர்கள் குறைவு. 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்த படம் அது. வாக்கர் என்றால் நடப்பவர், அதனால் நடக்கும் மனிதர். விளம்பரத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் வாக்கர் என்ற குடும்பப் பெயருக்கும் நடைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அது ஒரு தொழிலின் பெயர். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, மிதித்து, அடித்து, சுருக்கிக் கெட்டியாக்குகிறவரின் பெயர்.

ஃபுல்லர் என்பதும் அதே தொழிலின் பெயர்தான். டக்கர் என்பதும் அதேதான். மூன்றுக்கும் பொருளில் வேறுபாடு இல்லை, பிறந்த வட்டாரம்தான் வேறு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் எப்படி உருவாயின என்பதில் பாதி விளங்கிவிடும். ஸ்மித் என்றால் கொல்லர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும் விளக்கங்களை விட இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு பெயருக்குள் தொழில், பேச்சுமொழி, ஊர் மூன்றும் எப்படிக் கலந்திருக்கின்றன என்பது இதில் தெளிவாகத் தெரியும்.

முதலில் குடும்பப் பெயர் என்ற ஏற்பாடே எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடும். இங்கிலாந்திலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சாதாரண மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பெயர் என்று ஒன்று கிடையாது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அவர்களில் நிலவுடைமையாளர்கள் தங்கள் நிலத்தின் பெயரையோ சொந்த ஊரின் பெயரையோ சேர்த்துச் சொல்லிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அந்தத் தேவை மெல்லத்தான் வந்தது. ஜான், வில்லியம், தாமஸ், ராபர்ட், ரிச்சர்ட் என்று ஐந்தாறு பெயர்களே ஆண்களில் பெரும்பாலோருக்கு இருந்தன. ஒரே ஊரில் ஏழெட்டு ஜான் இருந்தால் எந்த ஜான் என்று எப்படிச் சொல்வது? நம் தெருவில் இரண்டு முருகன் இருந்தால் டெய்லர் முருகன், கண்டக்டர் முருகன் என்று பிரித்துச் சொல்கிறோமே, அதே வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள். ஒருவருக்குத் தொழில் ஒட்டிக்கொண்டது, இன்னொருவருக்கு ஊர், மற்றவருக்கு அப்பா பெயர் அல்லது பட்டப்பெயர்.

அந்த ஒட்டுப்பெயர் முதலில் அந்த ஆளோடு முடிந்துபோகும். துணி மிதிக்கிற ஜானின் மகன் தச்சு வேலைக்குப் போனால் அவன் கார்ப்பென்டர் ஆகிவிடுவான். இங்கிலாந்தின் தெற்கே சுமார் 1350 வாக்கிலும், வடக்கே இன்னும் நூறு ஆண்டு கழித்தும்தான் பெரும்பாலான குடும்பங்களில் இந்தப் பெயர் நிலைத்துப் போய், மகனுக்கும் பேரனுக்கும் இறங்கத் தொடங்கியது. வேல்ஸில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் அப்பா பெயரே போதும் என்றிருந்தார்கள். அரசாங்கத்தின் ஏடுகளும் இந்த மாற்றத்தைக் காட்டுகின்றன. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி விதித்தார்கள். அதற்காக எழுதிய பட்டியல்கள் பல இன்றும் இருக்கின்றன. பிறகு 1413இல் ஒரு சட்டம் வந்தது. சில வகை வழக்கு ஆவணங்களில் ஒருவர் பெயரோடு அவருடைய தொழிலையோ தகுதியையோ, அதோடு ஊரையும் தனியாக எழுத வேண்டும் என்று அது சொன்னது. பெயரைப் பார்த்துத் தொழிலைத் தெரிந்துகொள்ளும் காலம் போய்விட்டது என்பதற்கு இது நல்ல சான்று என்று நினைக்கிறேன். வாக்கர் என்ற பெயருள்ளவர் அதற்குள் செருப்புத் தைத்துக்கொண்டிருந்திருக்கலாம்.

சரி, அந்தத் தொழில் என்ன? பருத்தி நெசவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிது. பருத்தித் துணி தறியிலிருந்து வந்தால் ஏறக்குறைய அதுதான் துணி. கம்பளி அப்படி இல்லை. தறியிலிருந்து இறங்கும்போது அது நெகிழ்வாக, இழைகளுக்கு நடுவே சந்து தெரிய, பிசுபிசுப்பாக இருக்கும். ஆட்டு ரோமத்தில் இயற்கையாக உள்ள கொழுப்பு ஒரு பக்கம், நூற்பதற்கு வசதியாகத் தடவிய எண்ணெயோ வெண்ணெயோ இன்னொரு பக்கம். இந்தப் பிசுக்கு போக வேண்டும், துணியும் இறுக வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் செய்தவர்தான் நம் ஆள்.

கம்பளி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் மேல் மீன் செதில் போல அடுக்கடுக்காகச் செதில்கள் தெரியும். ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் சேரும்போது இந்தச் செதில்கள் ஒன்றில் ஒன்று கொளுவிக்கொள்கின்றன. கொளுவியபின் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் வாஷிங் மெஷினில் போட்டுச் சுருக்கிவிட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே தவறாக நடப்பதை இவர்கள் வேண்டுமென்றே, அளவு பார்த்துச் செய்தார்கள். நெய்யும்போதே சுருங்கப்போகும் அளவைக் கணக்கிட்டு, தேவைக்கு மேல் நீளமும் அகலமும் வைத்து நெய்வார்கள். மிதித்து முடித்ததும் நூல் எது, சந்து எது என்று தெரியாத அளவுக்குத் துணி அடர்த்தியாகிவிடும். காற்று எளிதில் புகாது, தண்ணீர் சட்டென்று இறங்காது. ஆங்கிலேயக் குளிருக்கும் மழைக்கும் ஏற்ற துணி அதுதான்.

தொட்டிக்குள் துணியோடு போட்டவை இரண்டு. ஒன்று, புளித்த சிறுநீர். நாள்பட்ட சிறுநீரில் உண்டாகும் அம்மோனியா கொழுப்போடு சேர்ந்து சோப்பு மாதிரி வேலை செய்யும். வீடு வீடாகப் பீப்பாயில் சேர்த்து வைத்து வாங்கிப் போவார்கள். இங்கிலாந்தின் வடக்கே அதற்கு ‘லான்ட்’ என்றே தனிப் பெயர் இருந்தது. இது ஆங்கிலேயர் கண்டுபிடித்ததும் அல்ல. ரோமானியர்கள் அதற்கு முன்பே செய்தார்கள். பேரரசர் வெஸ்பாசியன் சிறுநீருக்கு வரி போட்டது வரலாற்றில் பதிவான செய்தி. பாம்பெய் நகரில் இந்தத் தொழிற்கூடங்கள் கிடைத்திருக்கின்றன. தொட்டிக்குள் நின்று துணியை மிதிக்கும் ஆட்களை அங்கே கிடைத்த சுவரோவியத்திலேயே காணலாம்.

இரண்டாவது பொருள் நம் வீட்டிலேயே இருக்கக்கூடும். முகத்துக்குப் பூச வாங்கும் முல்தானி மிட்டி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் ஆங்கிலத்தில் ‘ஃபுல்லர்ஸ் எர்த்’ என்று அச்சிட்டிருப்பார்கள். ஃபுல்லரின் மண். எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சும் களிமண் அது. முகத்தில் எதற்காகப் பூசுகிறோமோ அதற்காகத்தான் அவர்கள் கம்பளியில் போட்டார்கள். இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தின் நட்ஃபீல்டு, பெட்ஃபோர்ட்‌ஷயரின் வோபர்ன் போன்ற இடங்களில் இந்த மண்ணை வெட்டி எடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் இதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று தடைச்சட்டமே போட்டார்கள். ஆங்கிலேயத் துணியின் போட்டியாளர்களுக்கு அந்த மண் போய்விடக் கூடாது என்ற கவலை அது.

மிதித்து முடித்த ஈரத் துணியை அப்படியே காயவிட்டால் கோணலாகச் சுருங்கும். அதனால் திறந்த வெளியில் நீளமான மரச் சட்டங்களை நட்டு, அவற்றில் வரிசையாக அடித்த கொக்கிகளில் துணியின் கரையை மாட்டி, இழுத்து விறைப்பாகக் காயவைத்தார்கள். சட்டத்தின் பெயர் டென்டர். பதற்றத்தோடு எதற்கோ காத்திருப்பதை ஆங்கிலத்தில் ‘ஆன் டென்டர்ஹுக்ஸ்’ என்பார்களே, அது இந்தக் கொக்கிகளில் மாட்டி இழுபட்ட துணியிலிருந்து வந்ததுதான். லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் டென்டர் கிரவுண்ட் என்று ஒரு தெருப் பெயர் இன்னும் இருக்கிறது.

கால்களால் மிதித்த வேலையைத் தண்ணீர்ச் சக்கரம் எடுத்துக்கொண்ட கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயர்கள் நிலைபெற்ற காலமும் அதுதான். ஆற்று நீர் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தின் அச்சிலுள்ள முளைகள் கனமான மரச் சம்மட்டிகளைத் தூக்கித் தூக்கிப் போடும். சம்மட்டி துணியை அடிக்கும். இங்கிலாந்தில் இத்தகைய ஆலைகள் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் சில 1185இல் டெம்ப்ளர் வீரத்துறவிகள் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது எழுதியவை. அதில் யார்க்‌ஷயரின் நியூசம் ஊரும் வருகிறது. ஆலை கட்டுவதற்குப் பணமும் ஆற்றங்கரை உரிமையும் வேண்டும். அவை பிரபுக்களிடமும் மடாலயங்களிடமும்தான் இருந்தன. கட்டியவர்கள் சும்மா இருப்பார்களா? ஊரார் எல்லோரும் தங்கள் ஆலைக்கே துணியைக் கொண்டுவந்து கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள்.

செயின்ட் ஆல்பன்ஸ் ஊர் மக்கள் இதை ஏற்கவில்லை. அங்கிருந்த மடாலயத்தின் தலைவர் ஆலைகளுக்கு நிறையப் பணம் செலவழித்திருந்தார். மக்களோ வீட்டிலேயே காலால் மிதித்துக்கொண்டார்கள். 1274இல் இந்தச் சண்டை முற்றியது. மக்கள் நிதி திரட்டி வழக்காடினார்கள், ஊருக்கு வந்த அரசி எலினரிடம் முறையிட்டார்கள். கடைசியில் தோற்றுப்போனார்கள். தன் துணியைத் தன் காலால் மிதிக்கும் உரிமைக்காக ஓர் ஊரே நீதிமன்றம் போனது என்பதை முதலில் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. வாக்கர், ஃபுல்லர் என்ற பெயர்கள் ஏடுகளில் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. எனவே அந்தப் பெயர் வாங்கிய முதல் ஆட்களில் சிலர் தொட்டியில் மிதித்தவர்கள், சிலர் ஆலையை நடத்தியவர்கள். இரண்டு முறையும் நெடுங்காலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் பெண்கள் நீண்ட பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத் துணியைக் கையால் அடித்துச் சுற்றிக்கொண்டே கேலிக் மொழியில் பாடினார்கள். வேலையின் தாளமே பாட்டின் தாளம். அந்தப் பாடல்கள் பல ஒலிப்பதிவாகியிருக்கின்றன.

இப்போது மூன்று சொற்களுக்கு வருவோம். ஃபுல்லர் லத்தீனிலிருந்து வந்தது. ரோமானியர் இந்தத் தொழிலாளியை ‘ஃபுல்லோ’ என்றார்கள். அது பழைய ஆங்கிலத்தில் ‘ஃபுல்லெரெ’ ஆனது. நிறைவு என்ற பொருளுள்ள ‘ஃபுல்’ என்ற சொல்லோடு இதற்கு உறவே இல்லை. டக்கர் என்பதன் வேர் பழைய ஆங்கிலத்தின் ‘டூக்கியன்’. அதற்கு வதைத்தல், துன்புறுத்தல் என்று பொருள். தொட்டிக்குள் துணி படும் பாட்டைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான். சட்டையை டக்-இன் செய்கிறோமே, அந்த ‘டக்’ இதற்கு உறவுமுறை.

வாக்கர் கொஞ்சம் நுணுக்கமானது. இதன் பழைய வடிவம் ‘வெயால்கெரெ’. மூலம் ‘வெயால்கன்’ என்ற வினை, பொருள் உருட்டுதல், புரட்டுதல். ஜெர்மன் மொழியில் இன்றும் ‘வால்கன்’ என்றால் துணியையோ மாவையோ அழுத்திப் பிசைவதுதான். ஆங்கிலத்தில் ‘வாக்’ என்பதற்கு நடத்தல் என்ற பொருள் பின்னால்தான், 1200ஐ ஒட்டிய காலத்தில்தான், வந்து சேர்ந்தது. துணியின் மேல் நடந்ததால் வாக்கர் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வரிசை தலைகீழ். தொழிலின் பெயர் பழையது, நடை என்ற பொருள் புதியது.

ஒரு தொழிலுக்கு எதற்கு மூன்று சொற்கள்? அன்றைய இங்கிலாந்தில் ஒரே எழுத்துமொழி, ஒரே பொதுப்பேச்சு என்று எதுவும் இல்லை. வடக்கிலும் நடுப்பகுதியிலும் ‘வாக்கர்’ என்றார்கள். தென்கிழக்கிலும் கிழக்குக் கரையோரத்திலும் ‘ஃபுல்லர்’. தென்மேற்கில் ‘டக்கர்’. அந்தந்த ஊர்ப் பேச்சு எதுவோ அதுவே குடும்பப் பெயராக உறைந்துபோனது. தொழிற்புரட்சிக்குப் பிறகு மக்கள் எவ்வளவோ இடம் பெயர்ந்தும் 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் பழைய எல்லைகள் இன்னும் தெரிகின்றன. டெவன், சாமர்செட் பக்கம் டக்கர்கள், கென்ட், சசெக்ஸ், சஃபோக் பக்கம் ஃபுல்லர்கள், யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் வாக்கர்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பேச்சுமொழியின் எல்லைக்கோட்டை மனிதர்களின் பெயர்கள் இப்படிக் காத்து வைத்திருப்பது எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பெரிய வியப்பு.

ஊர்ப்பெயர்களும் இதற்குச் சாட்சி. கார்ன்வாலில் டக்கிங்மில் என்று ஓர் ஊர். வடக்கே வாக்மில் என்ற பெயருள்ள இடங்கள். வேல்ஸில் ‘பண்டி’ என்றால் இதே ஆலை, டோனிபண்டி என்ற ஊரின் பெயரில் அது இருக்கிறது. எக்ஸிடர் நகரின் ஃபோர் தெருவில் 1471இல் நெசவாளர்களும் துணி மிதிப்பவர்களும் சேர்ந்து கட்டிய சங்கக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதன் பெயர் டக்கர்ஸ் ஹால். டெவனில் வேறு எந்தப் பெயர் வைப்பார்கள்!

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் தேவை. வாக்கர் எல்லோரும் துணி மிதித்தவரின் வாரிசு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்தப் பெயர் நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியாகப் பிறந்தது. அதனால் இரண்டு வாக்கர்கள் சந்தித்துக்கொண்டால் அவர்கள் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நியூகாசில் நகரத்தின் ஒரு பகுதிக்கே வாக்கர் என்று பெயர். அங்கே ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்திலிருந்த சதுப்பு நிலத்தைக் குறிக்கும் பெயர் அது, தொழிலோடு சம்பந்தமில்லை. அந்த ஊரிலிருந்து கிளம்பியவர்கள் சிலருக்கு ஊர்ப்பெயரே குடும்பப் பெயராகியிருக்கலாம். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் கேலிக் மொழியில் ‘மக் அன் உகடர்’ என்று அழைக்கப்பட்ட குடும்பங்கள் ஆங்கிலத்துக்கு மாறியபோது வாக்கர் ஆனார்கள். அதன் பொருளும் துணி மிதிப்பவரின் மகன்தான், ஆனால் வழி முற்றிலும் வேறு. அரசனின் காட்டைச் சுற்றிவரும் காவலரை வாக்கர் என்றார்கள், அதிலிருந்துதான் பெயர் வந்தது என்றும் ஒரு கதை உண்டு. காவலருக்கு அந்தச் சொல் வழங்கியது உண்மை, ஆனால் குடும்பப் பெயர் பரவிய காலத்தோடு பார்த்தால் அந்தச் சொல் பிந்தியது.

கடல் தாண்டியபோது கதை இன்னும் மாறுகிறது. அமெரிக்காவில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களில் பலர் உடைமையாளர்களின் குடும்பப் பெயரோடு ஏடுகளில் பதிவானார்கள், விடுதலைக்குப் பிறகு வேறு பலர் ஏதேனும் ஓர் ஆங்கிலப் பெயரைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அங்கே வாக்கர் என்ற பெயர் யார்க்‌ஷயர் மூதாதையைக் காட்டாது, வேறொரு கொடிய வரலாற்றைக் காட்டும். ஜெர்மன் குடியேறிகள் சிலரும் தங்கள் பெயரை ஆங்கில ஒலிக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு ஃபுல்லரோ வாக்கரோ ஆனார்கள். பெயர் பொருள் சொல்லும், வம்சாவளி சொல்லாது. வம்சாவளி வேண்டுமென்றால் தேவாலயப் பதிவேடுகளில் ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். இங்கிலாந்தில் 1538இல் தாமஸ் கிராம்வெல்லின் உத்தரவோடு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் தேவாலயங்கள் பதிவு செய்யத் தொடங்கின. அதற்கு முன்பு சாதாரணக் குடும்பத்தைத் தொடர்வது மிகக் கடினம்.

இந்தப் பெயர்கள் நம் பக்கமும் வந்திருக்கின்றன. பாளையங்கோட்டையில் பெண்களுக்காக 1895இல் தொடங்கிய சாராள் டக்கர் கல்லூரியை நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரியாக இருந்த ஜான் டக்கரின் சகோதரி சாராள் டக்கர். அவர் நினைவாக வைத்த பெயர் அது. அந்த ‘டக்கர்’ தொட்டியில் கம்பளி மிதித்தவரின் பெயர் என்பது அங்கே படித்த பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கும். வேதியியல் படித்தவர்களுக்கு இன்னொன்று: 60 கார்பன் அணுக்கள் பந்து போலச் சேர்ந்த ஃபுல்லரீன் மூலக்கூறு. 1985இல் அதைக் கண்டறிந்தவர்கள், அதே வடிவத்தில் குவிமாடங்கள் கட்டிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் பெயரைச் சூட்டினார்கள்.

வேறு ஏதாவது ஆங்கிலக் குடும்பப் பெயரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால், இன்றைய எழுத்துக்கூட்டலை நம்பி ஊகிக்க வேண்டாம். கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தைத் தேடுங்கள், அப்புறம் அந்தப் பெயர் எந்த வட்டாரத்தில் அடர்த்தியாக இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். பழகிப் பார்ப்பதற்குக் கம்பளித் தொழிலே போதும். நெசவாளருக்கு வெப், வெப்பர், வெப்ஸ்டர், வீவர் என்று நான்கு பெயர்கள். வெப்பர் தென்மேற்கில் அதிகம், வெப்ஸ்டர் வடக்கிலும் ஸ்காட்லாந்திலும். ரோமத்தைச் சிக்கெடுத்தவர் டோசர், டெவன் பக்கத்துப் பெயர். சாயம் போட்டவர் டயர், வடக்கே அதே ஆள் லிஸ்டர். மிதித்துக் காய்ந்த துணியின் மேல் எழுந்து நிற்கும் ரோமத்தைப் பெரிய கத்தரிக்கோலால் சமமாக வெட்டியவர் ஷெர்மன். டெக்ஸ்டர், வெப்ஸ்டர் போன்றவற்றின் கடைசியில் வரும் ‘ஸ்டர்’ பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. டெக்ஸ்டர் என்றால் முதலில் சாயம் போடும் பெண். பிறகு ஆண்களுக்கும் அது வழங்கத் தொடங்கி, கடைசியில் குடும்பப் பெயராகிவிட்டது.